உயிரோடு இருப்பவர் பெயரில்

பிப்ரவரி 3

காலையிலிருந்து ஒரே ஒரு சவாரி. ரயில் நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு, ஒரு பெரியவரும் அவர் மகளும். இறங்கும்போது மகள் மீட்டரைப் பார்த்துவிட்டு, ஆப் வண்டியில் வந்திருந்தால் இதில் பாதிதான் ஆகியிருக்கும் என்று அப்பாவிடம் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

மீட்டர் கட்டணத்தை நானா வைத்தேன்? அரசாங்கம் வைத்தது. கூட்டி வாங்கினாலும் அபராதம், குறைத்து வாங்கினாலும் அபராதம். இதையெல்லாம் நடுத்தெருவில் நின்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியுமா.

திரும்பி வந்தபோது டாக்சி ஸ்டாண்டில் வரிசை நகரவே இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஆப் வண்டிகள் வருவதும், ஆளை ஏற்றுவதும், போவதுமாக இருந்தன. கூரையில் விளக்கு கிடையாது, கதவில் எழுத்து கிடையாது. யாரோ ஒருத்தர் மாமியாரைக் கூப்பிட வந்த மாதிரி வந்து நிற்கிறார்கள். தலைவர் தன் வண்டியில் சாய்ந்தபடி அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் ஸ்டாண்டு சங்கத்தின் தலைவர், என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறக்காத அண்ணன். கொஞ்ச நேரத்தில் எண்ணுவதை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிப்ரவரி 6

என் வீட்டுக்காரருக்கு இடது கையால் ஸ்பூன் பிடிக்க வந்துவிட்டது. வாதம் அடித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வலது பக்கம் இன்னும் மரக்கட்டைதான். பேச்சு குழறுகிறது, எனக்கும் மகளுக்கும் மட்டும்தான் முழுசாகப் புரியும். பாதிச் சாப்பாடு சட்டையில் விழுந்தது. இருந்தாலும் தானே சாப்பிட்டார்.

இவருடைய டாக்சியை என் சக்களத்தி என்று முன்பெல்லாம் கேலி செய்வேன். நான் பள்ளி வேன் ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்தால், இவர் வாசலில் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். இப்போது அந்தச் சக்களத்தியோடு குடித்தனம் நடத்துவது நான்.

பிப்ரவரி 11

டாக்சி பெர்மிட் மார்ச் கடைசியோடு முடிகிறது. அது அவர் பெயரில் இருக்கிறது. என் பெயர் அதில் 'இரண்டாம் ஓட்டுநர்' என்று மட்டும். இதுவரை பணத்தைக் கட்டினால் புதுப்பித்துக் கொடுத்துவிடுவார்கள். இந்த வருடம் புது விதியாம். பெர்மிட்காரர் நேரில் வர வேண்டுமாம், வண்டி ஓட்டும் உடல்தகுதி இருக்கிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தலைவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்தார்.

நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி 14

போக்குவரத்து அலுவலகம் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள், லைசென்ஸ் இருக்கிறது, இத்தனை நாள் நான்தான் ஓட்டுகிறேன் என்றேன்.

"உயிரோட இருக்கிறவங்க பேர்ல இருக்கிற பெர்மிட்டை மாத்த வழியில்லம்மா. அவங்க காலமாயிட்டா வாரிசுக்கு வரும். விதி அப்படித்தான் இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நகர்த்தி வைத்தார்.

குடித்தேன். பிறகு கேட்டேன், ஆப் வண்டிக்காரர்களுக்கு எந்த ஜன்னல் என்று. அவர்களுக்கு ஜன்னலே இல்லை என்றார். அவர்கள் டாக்சி இல்லையாம். 'தொழில்நுட்ப சேவை'யாம். அவர்கள் ஏற்றுவது ஆளை இல்லையா? ஓடுவது சாலையில் இல்லையா?

பிப்ரவரி 15

வீட்டில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

பிப்ரவரி 19

கொழுந்தன் வந்திருந்தான். இவருடைய ஒரே தம்பி. ஆப்பில் சேர்ந்த நாளிலிருந்து அண்ணன் அவன் முகத்தில் விழிப்பதில்லை. இன்றும் அப்படித்தான், இவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தார். அவன் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தான்.

அடுப்படிக்கும் இவர் படுத்திருக்கும் அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். மெதுவாகத்தான் பேச ஆரம்பித்தோம். என்னையும் ஆப்பில் சேரச் சொன்னான். பெர்மிட் வேண்டாம், மீட்டர் வேண்டாம், கார், லைசென்ஸ், போன் இருந்தால் போதும் என்றான். அங்கேயும் தேனும் பாலும் ஓடவில்லை அண்ணி, வருவதில் ஒரு பங்கை ஆப் கம்பெனிக்காரன் எடுத்துக்கொள்கிறான், முதுகு உடைகிறது, ஆனால் உங்களைப் போல யார் காலிலும் விழ வேண்டியதில்லை என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. ஜன்னலில் கேட்டதை அப்படியே கொட்டிவிட்டேன். "மனுஷன் செத்தாதான் பெர்மிட் எனக்கு வருமாம். உயிரோட இருந்தா வராதாம். இது என்னடா கணக்கு?"

அவன் போன பிறகு திரையை விலக்கிப் பார்த்தேன். இவர் அதேபோல் கண்ணை மூடித்தான் இருந்தார்.

பிப்ரவரி 26

வேலைநிறுத்தம் என்று முடிவாகிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து ஊரில் ஒரு டாக்சியும் ஓடாது. எல்லா வண்டியும் போக்குவரத்து அலுவலகத்துச் சாலையில் நிற்கும். எங்களுக்கு இருக்கும் விதி எல்லாம் ஆப் வண்டிக்கும் வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

பெர்மிட்டை மனைவி பெயருக்கு மாற்றுவதையும் அதில் சேர்க்கச் சொன்னேன். தலைவர் யோசித்தார். இப்போது அதைச் சேர்த்தால் கோரிக்கை நீர்த்துப்போகும் என்றார். "முதல்ல அவனை நிறுத்துவோம் தங்கச்சி. உன் விஷயத்தை அப்புறம் பாத்துக்கலாம்." பிறகு, நான் முன்வரிசையில் உட்கார வேண்டும், பெண் என்றால்தான் பத்திரிகைக்காரன் படம் எடுப்பான் என்றார்.

உட்காருவேன். வேறு என்ன இருக்கிறது என்னிடம்.

மார்ச் 5

வெயில். சாலை முழுக்க டாக்சிகள். கோஷம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்துத் தெரு வழியாக ஆப் வண்டிகள் எங்கள் சவாரிகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகின்றன. நாங்கள் ஓடாவிட்டால் அவர்களுக்கு நல்ல காலம். இது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறோம்.

மார்ச் 7

சுகாதார நிலையத்து டாக்டர் இவரைப் பரிசோதித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இரத்த அழுத்தம் எகிறியிருக்கிறது. இப்படியே போனால் இன்னொரு தடவை அடிக்கும், அது தாங்காது என்றார். மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். என் கையாலேயே கொடுக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. பொய் சொல்கிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது.

மார்ச் 8

தலையணை உறையைத் துவைக்கலாம் என்று உருவினேன். மாத்திரைகள் கொட்டின. நனைந்து காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளையும் மஞ்சளுமாக. நான் அவர் வாயில் போட்டது அத்தனையும்.

கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்து, நான் முதுகைத் திருப்பியதும் துப்பியிருக்கிறார். ஒரு கையால் தலையணைக்குள் தள்ளியிருக்கிறார்.

என்னங்க இதுன்னு கேட்டேன். தோளைப் பிடிச்சு உலுக்கினேன். அப்புறம் சொன்னார், ஒவ்வொரு வார்த்தையா, எச்சில் வழிய:

"நான் போனா... உனக்கு வரும்."

கேட்டுட்டார். திரைக்குப் பின்னாடி படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுட்டார். ஐயோ நான் என்ன வாய் வாய்ச்சவ. நானே மனுஷன் காதுல போட்டுட்டேனே.

அடித்துவிட்டேன். அவர் கையில், படார் படார் என்று. வலது கையில்.

"வலிக்கல" என்றார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மகள் கல்லூரியிலிருந்து வந்து தூக்கிவிட்டாள்.

மார்ச் 9

மாத்திரை கொடுத்துவிட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். திறக்கவில்லை. விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன். கட்டின புருஷன் வாய்க்குள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. நான் விரலை எடுக்கவில்லை.

மார்ச் 11

இன்று சாப்பிடவும் மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். மகள் கெஞ்சினாள். அப்புறம் என்னிடம் வந்து, கல்லூரியை நிறுத்திவிட்டு அப்பாவுக்குக் காவல் இருக்கிறேன் என்றாள். காவல்! ஒரு வீட்டில் ஒரு பெண் தன் அப்பா சாகாமல் பார்த்துக்கொள்ளக் காவல் இருப்பதா. எத்தனை நாள்? பெர்மிட் முடியும்வரையா, இவர் முடியும்வரையா?

புதுப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. அந்தக் கெடு முடிவதற்குள் போய்விட வேண்டும் என்று இவர் அவசரப்படுகிறார். எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. முடிந்துபோன பெர்மிட் வாரிசுக்கு வராது. அதனால்தான் சோற்றையும் நிறுத்திவிட்டார்.

போராட்டத்துக்குப் போகவில்லை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

மார்ச் 12

பெர்மிட்டே இல்லையென்றால்?

செத்தாலும் வராது என்று ஆகிவிட்டால்?

மார்ச் 13

முழுசாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

காலையிலேயே கொழுந்தனை வரச் சொன்னேன். இரண்டு பேருமாக இவரைத் தூக்கி டாக்சியின் முன் இருக்கையில் உட்கார வைத்தோம். எங்கே என்று இவர் கேட்டார். மருத்துவ சோதனைக்கு என்றேன். அலுவலகத்துச் சாலை முழுக்க எங்கள் ஆட்கள். இவர் முகத்தைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். போராட்டத்தில் உட்கார வைக்க அழைத்து வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். தலைவரே வழி ஒதுக்கிக் கொடுத்தார். கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே இவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அதே ஜன்னல், அதே அம்மா. பெர்மிட்டை ஒப்படைக்கிறோம் என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள், ஒப்படைத்தால் திரும்ப வராது, உங்களுக்கும் வராது, பிள்ளைக்கும் வராது என்றார். அதுதான் வேண்டும் என்றேன்.

சக்கர நாற்காலியில் இருந்த இவருக்கு அப்போதுதான் புரிந்தது. இடது கையால் மேஜையை அறைந்தார். "மாட்டேன்" என்று கத்தினார். அந்த ஒரு வார்த்தை எல்லோருக்கும் புரிந்தது. பெர்மிட்காரர் கைநாட்டு இல்லாமல் ஒப்படைக்க முடியாது. கொழுந்தன் என் கையைப் பிடித்து, வேண்டாம் அண்ணி, வாங்க என்றான்.

நான் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும்.

"நீங்க செத்து வர்ற பெர்மிட்ட நான் ஒரு நாள்கூட ஓட்ட மாட்டேன். விக்கவும் மாட்டேன். கிழிச்சுப் போட்டுட்டுத் தெருவுல நிப்பேன். அப்ப நீங்க எதுக்குச் செத்தீங்கன்னு ஆகும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் என்னைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

"சத்தியமா?"

"சத்தியமா. உங்க பொண்ணு மேல சத்தியமா."

கட்டைவிரலை நீட்டினார். மையை நான்தான் தடவினேன்.

அலுவலக முற்றத்தில் வைத்து ஒரு ஆள் திருப்புளியால் கூரை விளக்கைக் கழற்றினார். மீட்டரையும் எடுத்துக்கொண்டார்கள். கூரையில் இரண்டு ஓட்டை. திரும்பி வந்தபோது யாரும் கைதட்டவில்லை. தலைவர் கார் ஜன்னல் பக்கம் குனிந்தார். "எல்லாரும் இங்க வெயில்ல கிடக்கும்போது முதுகுல குத்திட்டியே தங்கச்சி" என்றார். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லிவிடுவாரோ என்று பயந்து வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

மார்ச் 14

மாத்திரையைத் தானே எடுத்து விழுங்கினார். நான் பார்க்கும்படி வாயைத் திறந்து காட்டினார்.

மார்ச் 19

ஆப்பில் சேர்ந்துவிட்டேன். ஒரு படம், ஒரு லைசென்ஸ், அவ்வளவுதான். கொழுந்தன் சொன்னது சரி. யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஸ்டாண்டைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நிறத்தை, அந்த வண்டியை அவர்களுக்குத் தெரியாதா. யாரோ கண்ணாடியில் துப்பினார்கள். வைப்பரைப் போட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மார்ச் 25

மழை பெய்தது. கட்டணம் தானாக ஏறியது. அதே தூரம், அதே வண்டி, அதே நான். மழைக்கு இவ்வளவு மரியாதை.

ஏப்ரல் 2

போனைத் திறந்தால் சிவப்பில் ஒரு வரி. 'உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது.' காரணம் இல்லை. வண்டி பழசு என்றா? கூரையில் ஓட்டை என்று யாராவது புகார் கொடுத்தார்களா? தெரியாது. கொடுத்திருந்த எண்ணில் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு இயந்திரக் குரல். அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அரசாங்க அலுவலகத்தில் முடியாது என்று சொல்ல ஒரு முகமாவது இருந்தது. இங்கே நான் யாரிடம் போய் அழுவது? எந்தத் தெருவில் போய் உட்காருவது?

ஏப்ரல் 5

இன்னும் சிவப்புதான். கொழுந்தன் அவனுக்குத் தெரிந்த எல்லா வழியிலும் எழுதிப் பார்த்துவிட்டான். வீட்டில் சமையலுக்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. பள்ளி வேன் வேலை கேட்டுப் போனேன். பள்ளி வருடம் முடியப் போகிறது, லீவு முடிந்து வாருங்கள் என்றார்கள்.

மகள் இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 9

வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது. மகள் செய்தியைச் சத்தமாகப் படித்தாள். ஆப் வண்டிகளும் இனிப் பதிவு செய்து அடையாள வில்லை ஒட்ட வேண்டுமாம். கட்டணத்துக்கு உச்சவரம்பு பற்றி ஆராய ஒரு குழு. டாக்சிக்காரர்களுக்கும் சில சலுகைகள். படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். படி என்றேன்.

பெர்மிட்காரர் உடல்தகுதி இழந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே மனைவிக்கோ கணவனுக்கோ மாற்றிக்கொள்ளலாம். மார்ச்சோடு முடிந்துபோன பெர்மிட்டுகளுக்கும் இது பொருந்தும், ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டவற்றுக்குப் பொருந்தாது.

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. என் கையாலேயே மை தடவினேனே. ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லையே.

"அவசரப்பட்டுட்டோம்" என்றார் இவர், கட்டிலிலிருந்து.

திரும்பிப் பார்த்தேன். 'பட்டுட்ட' என்று சொல்லவில்லை. 'பட்டுட்டோம்.' பொறுத்திருந்தால் அதைச் சொல்ல இவர் இருந்திருப்பாரா? இருந்திருக்க மாட்டார். எனக்குத் தெரியும். தெரிந்தாலும் வயிறு எரிகிறது.

ஏப்ரல் 16

தலைவர் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். இவர் "வாங்கண்ணே" என்று கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

கொழுந்தன் ஸ்டாண்டுக்கே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். ஆப் வண்டியை நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தினானாம், அடிக்கத்தான் போனார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் மனைவி பெயருக்கு மாற்றும் அந்தக் கடைசிக் கோரிக்கையைச் சேர்த்தோம் என்றார் தலைவர். "நீ மொதல்ல கேட்டப்பவே சேர்த்திருக்கணும்" என்றார். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

தேநீர் கொடுத்தேன். கையை நீட்டினார், டம்ளருக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தார். மறுபடி நீட்டினார். நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார்.

"எதிர்ல வர்ற வண்டி ரெண்டா தெரியுது" என்றார். யாருக்கும் தெரியாதாம், வீட்டில்கூட. அடுத்த மாதம் கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறதாம். அதுவரை வண்டியை இனி வீதியில் எடுக்க மாட்டாராம். அதற்குப் பிறகும் தினமும் ஓட்ட முடியுமா தெரியாது. இரண்டாம் ஓட்டுநராக என் பெயரைப் போடட்டுமா என்று கேட்டார். தர்மத்துக்குக் கேட்கவில்லை, தனக்கும் ஆள் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுபடியும் இன்னொருத்தர் பெர்மிட்டில், இரண்டாம் ஆள்.

இவரைப் பார்த்தேன். தலையை ஆட்டினார். சரி என்றேன்.

ஏப்ரல் 23

நான் கிளம்பும் நேரத்தில் இவர் முகச்சவரம் செய்துவிடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வெளியே போக வேண்டுமாம். எங்கே என்று கேட்டேன். எங்கேயாவது என்றார். சோப்பு நுரையைத் தடவி, கோணிய பக்கத்தில் கத்தி படாமல் மெதுவாக இழுத்தேன். கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, மீசை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஒதுக்கு என்றார். ஒதுக்கினேன். மறுபடி பார்த்தார். இப்போது அந்தப் பக்கம் சரியில்லையாம்.

தலைவர் வண்டியோடு ஸ்டாண்டுக்குத் தாமதமாகத்தான் போனேன். வரிசையில் கடைசி வண்டி என்னுடையது.